‘நனைந்த தீக்குச்சி’ கேட்டதில்லையா?

பாட்டுப் பாடுகிறவர்கள் உண்டு, பாட்டுக் கேட்கிறவர்கள் உண்டு, பாட்டு என்றாலே எழுந்து போய்விடுகிறவர்களும் உண்டு. இந்த மூன்று ரகத்தாலும் பெரிய தொந்தரவு கிடையாது. நான் சொல்ல வந்தது நாலாவது ரகம். யாரும் கேள்விப்படாத ஒரு குழு, யாரும் காசு கொடுத்து வாங்காத ஓர் இசைத்தட்டு, அதை உலகம் முழுவதையும் கேட்க வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று புறப்பட்டிருக்கும் ஆசாமி. அவருக்கு இசைத்தட்டுத் தூதர் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஊருக்கு ஒருவர் நிச்சயம் இருப்பார். இரண்டு பேர் இருக்கிற ஊரில் அந்த இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

தூதரைப் பார்த்ததும் கண்டுபிடிக்க முடியாது. உங்களைப் போலவே சட்டை போட்டிருப்பார், உங்களைப் போலவே மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார். நீங்கள்தான் சாப்பாட்டு மேசையில் பேச்சுவாக்கில், ‘அந்தக் காலத்து கிடார் பாட்டெல்லாம் நன்றாக இருக்கும்’ என்று ஒரு வார்த்தையை விட்டுவிடுவீர்கள். அவ்வளவுதான். கையிலிருக்கும் முள்கரண்டியைக் கீழே வைப்பார். நாற்காலியை உங்கள் பக்கம் இழுத்துப் போடுவார். ‘அப்ப நீங்க நனைந்த தீக்குச்சி கேட்டதில்லையா?’ என்பார். இல்லை என்று நீங்கள் சொன்னதும் அவர் முகத்தில் இரண்டு உணர்ச்சிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வரும்: உங்கள் மேல் பரிதாபம், ஓர் ஆள் அகப்பட்டான் என்ற ஆனந்தம். கேட்டிருக்கிறேனே என்று யாராவது சொன்னால் என்ன ஆகும்? தெரியாது. இதுவரை யாரும் சொன்னதில்லை.

அதன் பிறகு நீங்கள் அவர் வீட்டு முன்னறையில் இருப்பீர்கள். எப்படி வந்தோம் என்பது உங்களுக்கே சரியாக ஞாபகம் இருக்காது. இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் சம தூரத்தில் ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கும். அதில் உட்காரவைத்து, முதுகை நிமிர்த்தச் சொல்லி, காலை ஆட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, மின்விசிறியை நிறுத்தி, நாயை வெளியே தள்ளி, உறையிலிருந்து தட்டை அதன் விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் படாமல் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஊதி, துடைத்து, மறுபடியும் ஊதி, முள்ளை இறக்கிவிட்டு, ‘பேசாமக் கேளுங்க’ என்று சொல்லிவிட்டு அவர் பேச ஆரம்பிப்பார். பாட்டு முடிகிறவரை பேசுவார். ‘இப்ப வரும் பாருங்க. இது இல்ல. இதுக்கடுத்தது. இதோ. இதோ. கேட்டீங்களா?’ நீங்கள் கேட்டது அவர் குரலை மட்டும்தான். பாட்டு நடக்கும்போது அவர் தட்டைப் பார்ப்பதே இல்லை. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். சரியான இடத்தில் உங்கள் புருவம் உயரவில்லை என்றால் முள்ளைத் தூக்கி முதலிலிருந்து போடுவார்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்க்காதீர்கள். எந்த இடம் என்று கேட்பார். பிடிக்கவில்லை என்றால், உங்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்பார். எல்லாவற்றையும்விட மோசமானது, நல்லெண்ணத்தோடு நீங்கள் ஒரு பிரபலமான குழுவின் பெயரைச் சொல்லி, அவர்களை மாதிரியே இருக்கிறது என்பது. அதற்குப் பிறகு அவர் உங்களோடு பேசுவார், ஆனால் வானிலையைப் பற்றி மட்டும் பேசுவார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? என் பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியாவில், ஓக்மல்கி ஆற்றங்கரையில், விட்லாக் என்ற எங்கள் ஊருக்கு அவர் ஒருவர்தான் பல் வைத்தியர். டாக்டர் ஹாலிஸ் டாட்டம். நீங்கள் ஒரு விஷயத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். மற்ற ஊர்த் தூதர்களுக்குக் கேட்கிற ஆள் கிடைப்பதே கஷ்டம். எங்கள் டாக்டருக்கு ஊரே வாயைத் திறந்துகொண்டு வந்து படுக்கிறது. ஈறில் மருந்து ஏற்றி, கன்னத்துக்குள் பஞ்சு அடைத்து, உறிஞ்சும் குழாயை நாக்குக்கடியில் மாட்டிவிட்டு, ‘இப்ப ரெண்டாம் பக்கம் போடுறேன்’ என்பார். ஆட்சேபிக்க நினைத்தவர்கள் ஆ, ஊ என்று சத்தம் போட்டார்கள். அதை அவர் ரசனை என்று எடுத்துக்கொண்டார். என்னுடைய கடைவாய்ப் பல் ஒன்று போனது முழுக்க முழுக்க அந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்துக்குத்தான். சொத்தை சின்னதுதான், பாட்டு நீளம்.

குழுவின் பெயர் சாமில் டீக்கன்ஸ். எங்கள் பக்கத்துப் பையன்கள் நாலு பேர், மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடிப் பழகியவர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரே ஒரு தட்டுப் போட்டார்கள். அது கடைக்கு வந்த சூட்டோடு அதைப் போட்ட கம்பெனி மூடிக்கொண்டது. விற்காத பெட்டிகளை ஒரு நிலவறையில் அடுக்கினார்கள். ஆற்றில் வெள்ளம் வந்து அவற்றையும் கொண்டுபோனது. தட்டுக்கு ‘நனைந்த தீக்குச்சி’ என்று பெயர் வைத்தால் வேறென்ன நடக்கும் என்று ஊரில் சொல்வார்கள். பாட்டு மோசமில்லை. அதுதான் வருத்தம். மோசமாக இருந்திருந்தால் நாங்கள் எல்லோரும் டாக்டரை மன்னித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம்.

டாக்டரிடம் அந்தத் தட்டு ஒன்றல்ல, பல உண்டு. போடுகிற தட்டு ஒன்றே ஒன்று. மற்றவை மேல்தாள் பிரிக்காதவை, படுக்கையறை அலமாரியில் கம்பளிக்கு நடுவே நிற்பவை. ஏன் பிரிக்கவில்லை என்று ஒரு முறை கேட்டேன். பிரித்தால் அது பிரித்த தட்டாகிவிடும் என்றார்.

இந்தப் பிரிக்காத தட்டுகளில்தான் என் கதையின் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

இரண்டாம் பக்கத்தில் ‘லூதரின் படகு’ என்று ஒரு பாட்டு. ஓர் ஆள் ஆற்றங்கரையில் நிற்கிறான், அக்கரையில் அவன் அம்மா நிற்கிறாள். ‘ஆத்தைத் தாண்டி’ என்று பாடகர் இழுப்பார். அந்த இடத்தில் டிரம்ஸில் ஓர் அடி காணாமல் போகும், பாடகரின் வார்த்தை பாதியில் அறுந்துபோகும், பாட்டு ஒரு துள்ளுத் துள்ளி அடுத்த வரிக்குப் போய்விடும். டாக்டரின் வாழ்க்கையே அந்தத் துள்ளலில்தான் நிற்கிறது. தாண்டினானா, தாண்டவில்லையா? சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தெற்கத்திக்காரன் தொண்டையில் முழுங்கி வைத்திருக்கிற அத்தனையும் அந்த அரை நொடியில் இருக்கிறது, உலகத்தில் வேறு எந்த டிரம்ஸ்காரனும் இப்படி ஓர் அடியை விட்டதில்லை என்று அவர் சொல்லும்போது கண் கலங்கும். கையில் துளை போடும் கருவி இருக்கும்.

அது கீறல். வேறொன்றும் இல்லை. முள் தாவுகிறது.

ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாழ்க்கையில் ஒரு தடவையாவது இசைத்தட்டு போட்டவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? பிறகு ஏன் இருபத்தைந்து வருஷமாக ஒருவரும் சொல்லவில்லை? எங்கள் ஊர் மரியாதை அப்படி. ஒருவர் முகத்துக்கு நேரே நீங்கள் சொல்வது தப்பு என்று சொல்வது எங்கள் பக்கத்தில் கொலைக்கு அடுத்த குற்றம். வாயில் வைக்க முடியாத பலகாரத்தை யாராவது நீட்டினால், ‘இப்படி ஒண்ணை நான் சாப்பிட்டதே இல்லீங்க’ என்போம். பிறந்த குழந்தை அழகாக இல்லை என்றால், ‘நல்லா தூங்குது’ என்போம். டாக்டர் அந்த இடத்தைப் போட்டுக் காட்டியபோதெல்லாம் பாதிரியார் முதல் ஷெரீப் வரை, ‘இந்த மாதிரி எங்கயும் கேட்டதில்லை டாக்டர்’ என்று சொல்லி வைத்தார்கள். பொய் இல்லை பாருங்கள்.

கீறல் வந்த கதையை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குச் சொன்னவர் வெர்லீன் அக்கா, டாக்டரின் மனைவி. கிளினிக்கில் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவர் அவர்தான். கல்யாணமான புதிது. தட்டு வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

“தட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு, நான் பாட்டுக்குத் தரைக்கு மாப்பு போட்டுக்கிட்டிருந்தேன். கட்டை போய் ஸ்டாண்டுல இடிச்சிருச்சு தம்பி. முள்ளு கர்ருன்னு இழுத்துச்சு. சாயந்திரம் வந்து போட்டாரு. அந்த இடம் வந்துச்சு. நான் அடுப்படியில மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். ‘வெர்லீன், இங்க வாயேன், இதை நான் இத்தனை நாள் கவனிக்கலையே’ங்கறாரு. முதல்ல சொல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் அவரு சந்தோஷமா இருந்தாரு.”

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் டாக்டர் அந்த டிரம்ஸ்காரரைக் கண்டுபிடித்தார். டெல்மஸ் பிரூயிட் என்று பெயர். இரண்டு மாவட்டம் தள்ளி, கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். பாடகரும் பேஸ் கிடார்காரருமான கிளீவ் ஆஷ்வொர்த் எப்போதோ வடக்கே ஓஹாயோவுக்குப் போய் அங்கே டயர் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். தங்கையைப் பார்க்க வந்திருந்தார். மற்ற இருவரில் ஒருவர் உயிரோடு இல்லை, இன்னொருவர் தொலைபேசியை வைத்துவிட்டார். டாக்டருக்கு இருவர் போதும். வருஷா வருஷம் எங்கள் ஊர்த் தீயணைப்புக் கொட்டகையில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, மேசை போட்டு, ஊர் கூடிக் கெளுத்தி மீன் பொரித்துச் சாப்பிடுவோம். அந்தச் சனிக்கிழமை அங்கே ‘நனைந்த தீக்குச்சி’ முழுவதும் அரங்கேறும் என்று அறிவித்துவிட்டார். கோயிலில் கிடார் வாசிக்கும் இரண்டு பேர் துணைக்கு. கிளினிக்கில் வாய் திறந்து படுத்த ஒவ்வொருவரிடமும் வருவதாகச் சம்மதம் வாங்கினார். அவர்கள் ஆ என்றார்கள்.

வெர்லீன் அக்கா அந்தச் சனிக்கிழமை காலை என் வீட்டுக் கதவைத் தட்டிய தட்டில் எழுந்து ஓடிப்போய்த் திறந்தேன்.

“மைக்கைப் பிடிச்சு ஊர் முன்னால கேக்கப் போறாரு தம்பி. முதல்ல அந்த இடத்தை ரிக்கார்டுல போட்டுக் காட்டிட்டு, ‘இந்த ஒரு அடியை விடணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு’ன்னு அந்த மனுஷன்கிட்ட கேக்கப் போறாராம். நேத்து கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பார்த்தாரு. அந்த ஆளு, எந்த அடியைன்னு கேட்டா இவரு என்ன ஆவாரு?”

என்ன ஆவார் என்று இருவருக்கும் தெரியும். நாங்கள் ஊர்க்காரர்கள் இத்தனை வருஷம் மூடி வைத்ததை வெளியூர்க்காரர் ஒருவர் ஒரே வார்த்தையில் உடைத்துவிடுவார். தன்னிடம் பல் காட்டிய ஒவ்வொருவருக்கும் அது கீறல் என்று தெரிந்திருந்தது, தன்னை வைத்துக்கொண்டு எல்லோரும் தலையாட்டினார்கள் என்பது அந்த ஒரு நொடியில் அவருக்குப் புரியும். நான் டாக்டரைக் கேலி செய்கிறேன், கடைசிவரை செய்வேன். ஆனால் அந்த மனிதர் முகத்தில் அது நடப்பதைப் பார்க்க எனக்கு மனசில்லை. டெல்மஸை முன்னாலேயே பார்த்து விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

சொல்வது சுலபம். கொட்டகைக்கு வெளியே டெல்மஸின் பழைய வண்டி வந்து நின்றபோது டாக்டர் ஏற்கெனவே வண்டிக் கதவைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். அந்த நிமிஷத்திலிருந்து டெல்மஸின் தோள்மேல் போட்ட கையை எடுக்கவில்லை. பாதிரியார் மீனுக்கும் மழைக்கும் நன்றி சொல்லி ஜெபம் செய்தபோது எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். அதுதான் சமயம் என்று நகர்ந்து போய், ‘ஐயா, ஒரு நிமிஷம், அந்தப் பாட்டைப் பத்தி’ என்று காதோரம் ஆரம்பித்தேன். டெல்மஸ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். என் காகிதத் தட்டைப் பிடுங்கி, அதன் பின்பக்கத்தில் தன் பெயரைப் பெரிதாக, கீழே ஒரு சுழியோடு எழுதி, கையில் திணித்துவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். பேனாவைத் தயாராக வைத்திருந்தார் என்பதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சாப்பாடு நடந்தது. பொரித்த கெளுத்தி, சோளமாவு உருண்டை, முட்டைக்கோஸ் கலவை, ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர். வழக்கமாக நான் மூன்று தடவை போடுவேன், அன்று இரண்டோடு நிறுத்திவிட்டேன். டாக்டர் எழுந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். சாமில் டீக்கன்ஸுக்கு உலகம் செய்த துரோகத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார்; கம்பெனி செய்தது, ரேடியோ செய்தது, ஆறு செய்தது. பிறகு தன் கையாலேயே தட்டை எடுத்து, ஊதி, துடைத்து, ஊதி, முள்ளை இறக்கினார்.

‘ஆத்தைத் தாண்டி’ என்று ஒலிபெருக்கியில் கிளீவின் இளமைக் குரல் இழுத்தது. டக். துள்ளல். அடுத்த வரி.

அந்தக் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் தங்கள் தட்டிலிருந்த மீனைக் குனிந்து பார்த்தார்கள். கெளுத்தி மீனில் அவ்வளவு பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது.

டாக்டர் மட்டும் டெல்மஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனப்பாடம் செய்த கேள்வியில் பாதி மறந்துவிட்டது போலிருக்கிறது. “இதை… எப்படி?” என்று மட்டும் கேட்டார்.

டெல்மஸ் நெற்றியைச் சுருக்கினார். ஆனால் அவர் வாய் திறக்கும் முன்பே கிளீவ் சிரித்துவிட்டார். வடக்கே அத்தனை வருஷம் இருந்ததில் மனிதருக்கு நம் பக்கத்து மரியாதை கொஞ்சம் தேய்ந்து போயிருந்தது. நாற்காலியில் முன்னால் சாய்ந்து, “அட, இது கீற” என்று ஆரம்பித்தார். மேலே ஓர் எழுத்து வரவில்லை. வெர்லீன் அக்கா எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த சோளமாவு உருண்டை ஒன்றை முழுசாக அவர் வாய்க்குள் வைத்துவிட்டார். ‘சூடா சாப்பிடுங்க, ஆறினா நல்லா இருக்காது’ என்று உபசரித்துக்கொண்டே இரண்டாவதையும் தயாராகப் பிடித்திருந்தார். வாயை அடைத்துவிட்டால் ஆட்சேபம் வராது என்பது அந்தக் குடும்பத்துக்குத் தொழில் அனுபவம். கிளீவ் கண்ணில் நீர் வழிய, ஆ, ஊ என்றார்.

மிச்சம் இருந்தது டெல்மஸ். அவர் இசைத்தட்டைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார். இவரிடம் எத்தனையோ வருஷமாக யாரும் மோட்டாரைத் தவிர வேறு எதையும் பற்றிக் கேட்டதில்லை என்று எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். அவர் அதை யோசிக்கவில்லை. கழுத்துப் பட்டனைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“இதைக் கவனிக்க ஒரு ஆளாவது பொறந்திருப்பான்னு எனக்குத் தெரியும் டாக்டர்,” என்றார்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. அவருடைய தாத்தாவிடம் ஒரு கோவேறு கழுதை இருந்ததாம். ஆற்றங்கரைக்கு வந்தால் முன்னங்காலைத் தூக்கி, தண்ணீரில் வைக்காமல், அப்படியே ஒரு கணம் நிற்குமாம். சின்ன வயதில் அதைப் பார்த்த அன்றைக்கே, வளர்ந்து டிரம்ஸ் வாசித்தால் இந்தக் காலை அதில் வைக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டாராம். ஒலிப்பதிவுக்காரன் தப்பு, தப்பு என்று கத்தினானாம்; இவர் அசையவில்லையாம். கழுதையின் பெயரைக்கூடச் சொன்னார். டாக்டர் மூக்கைச் சிந்தினார். ஊர் மீனிலிருந்து தலையைத் தூக்கிற்று. இருபத்தைந்து வருஷமாகக் கீறல் என்று தெரிந்து வைத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் இருந்த ஷெரீப், “நான் அப்பவே நினைச்சேன்,” என்றார்.

இதற்குள் கிளீவ் உருண்டையை விழுங்கிவிட்டிருந்தார். “டெல்மஸ், டேய். எனக்குத் தெரியாம எந்தக் கழுதை?”

“உனக்கு ஞாபகம் இருக்காது கிளீவ். நீ அப்பவே எதையும் கவனிக்க மாட்ட.”

கிளீவ் எழுந்து நின்றார். வெர்லீன் அக்கா இரண்டாவது உருண்டையோடு ஓர் அடி முன்னால் வந்தார். இப்போது எல்லாம் கிளீவ் கையில்தான் இருந்தது, ஒரு வார்த்தை போதும். அவர் டெல்மஸைச் சூழ்ந்து நின்ற கூட்டத்தைப் பார்த்தார். டாக்டரின் கை மறுபடி டெல்மஸின் தோளுக்கு வந்துவிட்டதைப் பார்த்தார்.

“டிரம்முல விட்டது வேணா இவனா இருக்கலாம்,” என்றார். “வார்த்தையை முழுங்கினது யாரு? அதைச் சொல்லு. நான்தானே முழுங்கினேன்?”

டாக்டர் இன்னொரு கையை அவர் தோளில் போட்டார்.

ஆக, அவர்கள் அதை மேடையில் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. வாழ்க்கையில் ஒரு தடவையும் அப்படி வாசித்தறியாதவர்கள். முதல் முறை கிளீவ் ஆற்று வரிக்குப் பதிலாக அம்மாவை முழுங்கிவிட்டார், டெல்மஸ் அடியை விட மறந்து பிறகு இரண்டாக விட்டார், கோயில் கிடார்கள் ஆளுக்கொரு பக்கம் போயின. ஆடிக்கொண்டிருந்த மெதடிஸ்ட் சபையார் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். ஆடுவது பாவம் என்று சுவரோரம் நின்ற பாப்டிஸ்ட் சபையாருக்கு அதில் ரகசியமாக மகிழ்ச்சி. டாக்டர் முன்வரிசையிலிருந்து எழுந்துபோய், டெல்மஸுக்கு அவருடைய பாட்டை மேசையில் தட்டிக் காட்டிக் கற்றுக்கொடுத்தார். டெல்மஸ் பணிவாகத் தலையாட்டி, ‘ஆமாமா, இப்பதான் ஞாபகம் வருது’ என்றார். மூன்றாவது முறை சரியாக வந்தது. அந்த இடத்தில் ஆடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு துள்ளுத் துள்ளினார்கள். இன்றைக்கும் எங்கள் ஊர்க் கல்யாணத்தில் ‘லூதரின் படகு’ வாசித்தால் அங்கே எல்லோரும் துள்ளுவார்கள். மேக்கன் பக்கத்திலிருந்து வருகிற மாப்பிள்ளை வீட்டார் விழுந்து எழுந்து, எங்களுக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டுவார்கள்.

அன்று எண்ணெய்ச் சட்டி பக்கம் நின்று வெர்லீன் அக்கா சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தார். இனிமேல் ஆண்டவரே இறங்கி வந்து கீறல் என்று சொன்னாலும் இவர் நம்பமாட்டார் என்றார். நானும் சிரித்தேன். நிம்மதியாக மூன்றாவது தடவை மீன் போட்டுக்கொண்டேன். அக்கா மேடையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

“அவன் கழுதைங்கறான், இவன் முழுங்கினேங்கறான். யோசிச்சுப் பார்த்தா, மாப்புக் கட்டை யார் கையில தம்பி இருந்துச்சு?”

இத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு வாரம் கழித்து டாக்டர் என் வீட்டுக்கு வந்தார். அலமாரியிலிருந்து எடுத்த பிரிக்காத தட்டு ஒன்றை என் கையில் வைத்தார். டெல்மஸிடம் நான் கையெழுத்து வாங்கியதை ஜெபத்தின்போது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாராம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாராம். அவர் போனதும் மேல்தாளைப் பிரித்தேன். எனக்குத் தேவை உண்மை. கீறல் இல்லாத ‘லூதரின் படகு’ எப்படி இருக்கும் என்று இந்த ஊரிலேயே முதல் ஆளாகக் கேட்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

‘ஆத்தைத் தாண்டிப் போனேன்’ என்று கிளீவ் முழுசாகப் பாடினார். டெல்மஸ் ஓர் அடியையும் விடவில்லை. அவன் போய்விட்டான், அம்மாவைப் பார்த்துவிட்டான், காலையில் இருவரும் காப்பி குடித்திருப்பார்கள். ஒரு சாதாரணப் பாட்டு. மறுபடி போட்டேன். மறுபடியும் தாண்டினான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு நல்ல பாட்டை இந்த மனிதர்கள் எப்படிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்?

பிறகு நான் எழுந்துபோய்க் கருவிப் பெட்டியிலிருந்து ஓர் ஆணியை எடுத்தேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அன்று கொட்டகைக்குப் போகும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மனசாட்சிப்படி சொல்லுங்கள். பெயரே கேள்விப்படாத ஒரு குழுவைப் பற்றி, காதால் கேட்டிராத ஒரு பாட்டைப் பற்றி, இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் படித்தீர்கள். நடுவில் எங்கேயாவது, ஒரு கணம், அந்தத் துள்ளல் எப்படித்தான் இருக்கும், இந்தத் தட்டு எங்காவது கிடைக்குமா என்று தோன்றியதா? தோன்றியதா?

அப்படியானால் அந்த முள்கரண்டியைக் கீழே வையுங்கள். நாற்காலியைக் கொஞ்சம் இப்படி இழுத்துப் போடுங்கள். டாக்டர் வீட்டு அலமாரியில் பிரிக்காத தட்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆணி என்னிடம் இருக்கிறது.